மாதப் பணம் பத்தே நாளில் காலியானால்?

கேள்வி: இன்னும் மூன்று மாதத்தில் மகன் வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கப் போகிறான். இதுவரை அவன் கையில் பெரிய தொகை கொடுத்ததே இல்லை. எங்களால் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் அனுப்ப முடியாது. முதல் பத்து நாளிலேயே தீர்த்துவிடுவானோ என்று பயம். எப்படிப் பழக்குவது?

பதில்: தீர்த்துவிடுவான். அதில் சந்தேகமே வேண்டாம், சம்பளம் வாங்கும் நமக்கே இருபதாம் தேதிக்கு மேல் இழுபறிதானே. அதனால் மாதப் பணமாக அனுப்பாதீர்கள், வாரப் பணமாக அனுப்புங்கள். அதுவும் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு இரவுக்குள் பாதி போயிருக்கும்.

கணக்கு போடும்போது பலரும் மாதத் தொகையை நான்கால் வகுத்துவிடுகிறார்கள். நான்கு வாரம் வீதம் 12 மாதத்துக்கு 48 வாரம்தான் வரும், வருடத்துக்கோ 52. மீதி நான்கு வாரத்துக்கு யார் கொடுப்பது? வாடகை, மின்சாரம், போன் இவற்றை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுங்கள். வாடகைப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும், அந்தக் கணக்கின் கார்டு உங்களிடமே இருக்கட்டும்.

இதை வரும் திங்கட்கிழமையே வீட்டில் தொடங்கிவிடுங்கள். பஸ், ரீசார்ஜ், சோப்பு, வெளியில் சாப்பிடுவது எல்லாம் அந்த வாரப் பணத்துக்குள். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டதா, சரி, அடுத்த திங்கள் வரை கிடையாது. இப்போது கை வறண்டால் வீட்டுச் சாப்பாடாவது இருக்கிறது, அங்கே அதுவும் இல்லை. ஒவ்வொரு செலவையும் எழுதச் சொல்லிப் படுத்தாதீர்கள், இரண்டாவது வாரமே நோட்டு மூலைக்குப் போய்விடும். ஞாயிறு மாலை கையில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேளுங்கள், போதும்.

உண்மையைச் சொன்னால் பையனைவிட எனக்கு அறை பிடித்துத் தரும் புரோக்கரைப் பற்றித்தான் கவலை. ஒரு வருடம் பார்த்துப் பார்த்துச் சேமித்ததை அவர் ஒரே மதியத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். "இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், இப்பவே டோக்கன் போட்டால்தான்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். அறையை நேரில் பார்க்காமல் ஒரு காசு அனுப்பக் கூடாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் வந்ததும் சாவி கூரியரில் வரும் என்பது பழைய மோசடி, இன்னமும் ஓடுகிறது. கமிஷன் வேறு, அட்வான்ஸ் வேறு: கமிஷன் திரும்பாது, அட்வான்ஸ் திரும்ப வேண்டிய பணம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்து எழுதி ரசீது கேளுங்கள். உள்ளே போன முதல் நாளே சுவர், குழாய், கட்டில் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். காலி செய்யும்போது ஏற்கனவே இருந்த விரிசலுக்கும் உங்கள் அட்வான்ஸில்தான் கை வைப்பார்கள்.

நண்பர்களோடு சேர்ந்து எடுத்தால் வாடகை குறையும் என்று நானே பலரிடம் சொல்வேன். ஆனால் ஒரு சங்கதி. மூன்று பேரும் தனித்தனியாக அவரவர் இடத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரே ஒப்பந்தத்தில் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், "முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு" என்ற அர்த்தத்தில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒருவன் பாதியில் படிப்பை விட்டுப் போனால் அவன் பங்கையும் உங்கள் மகனிடம் கேட்பார்கள். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களிடம் வருவார்கள். ஆகவே ஜாமீன் போடுவதானால், என் மகன் பங்குக்கு மட்டும் என்று எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள். மறுத்தால் வேறு அறை பாருங்கள்.

அப்புறம் போனில் வரும் கடன். 100 கேட்டால் கட்டணம் என்று 5 பிடித்துக்கொண்டு 95 கொடுப்பார்கள், முப்பது நாளில் 105 கேட்பார்கள். ஐந்து சதவீதம்தானே என்று பையன் நினைப்பான். கைக்கு வந்தது 95, அதற்கு மேல் கட்டுவது 10. ஒரே மாதத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல். இந்தக் கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருடம் பள்ளியில் உட்காரவைத்து என்னென்னவோ கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒரு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கவோ வட்டியைப் பார்க்கவோ யாரும் சொல்லித்தருவதில்லை. படிப்புக் கட்டணத்துக்குக் கெடு மட்டும் நாள் தவறாமல் வரும், உதவித்தொகை வருவதற்குள் பாதிப் பருவம் ஓடியிருக்கும். உதவித்தொகையை நம்பி வாரப் பணத்தைக் குறைத்துவிடாதீர்கள். அது கைக்கு வந்த பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நடுவாரத்தில் பணம் கேட்டு அழைத்தால் என்ன செய்வது? மருந்து, மருத்துவர் என்றால் கேள்வி கேட்காமல் அனுப்புங்கள். மற்றதற்கு, அடுத்த வாரப் பணத்திலிருந்து கழித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள், திங்கட்கிழமை மறக்காமல் கழியுங்கள்.