மேசைக்கு மேசை இன்ஸ்டால் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கே: தம்பு செட்டி தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறோம். இருபத்தைந்து சிஸ்டம். டாக்குமென்டேஷன் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வரும்போதெல்லாம் ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது, ஏதாவது ஒன்றில் பழைய வெர்ஷன் தங்கிவிட்டால் ஷிப்பிங் பில் விவரம் தப்பாகிவிடுகிறது. சர்வரில் ஒரே இடத்தில் போட்டு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். விண்டோஸ் சர்வர் வாங்கியாச்சு, டொமைனும் (எல்லா சிஸ்டத்தையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிறது. மேசைகளுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

ப: நீங்கள் கேட்பதற்கு ரிமோட்ஆப் என்று பெயர். விண்டோஸ் சர்வர் 2008 வெர்ஷனிலிருந்தே இருக்கிறது. சாஃப்ட்வேர் ஓடுவது சர்வரில், மேசையில் தெரிவது அதன் ஜன்னல் மட்டும். சர்வரின் முழு டெஸ்க்டாப்பும் திறக்காது என்பதால், வேலை செய்பவருக்கு அது தன் சிஸ்டத்திலேயே இருக்கும் இன்னொரு சாஃப்ட்வேர் மாதிரிதான் இருக்கும்.

சர்வர் பக்கம் முதலில். ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸில் செஷன் ஹோஸ்ட், கனெக்‌ஷன் புரோக்கர், வெப் ஆக்சஸ் மூன்றும் வேண்டும் (முதலாவதில் சாஃப்ட்வேர் ஓடும், இரண்டாவது ஆட்களை அதனோடு இணைக்கும், மூன்றாவது யாருக்கு என்ன உண்டு என்ற பட்டியலைக் கொடுக்கும்). உங்கள் அளவுக்கு ஒரே சர்வரில் போடலாம். ஆனால் டொமைன் கன்ட்ரோலர் (டொமைனில் எல்லோருடைய லாகினையும் சரிபார்ப்பது) இருக்கும் அதே சர்வரில் செஷன் ஹோஸ்டைப் போடாதீர்கள், பலர் காசு மிச்சம் என்று அப்படிச் செய்கிறார்கள், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருக்கும் பெட்டிக்குள்ளேயே எல்லோரையும் உட்கார வைத்து வேலை வாங்குவதில் எந்த மிச்சமும் இல்லை. சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும் முன் சர்வரை இன்ஸ்டால் மோடுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் (சேஞ்ச் யூசர் கட்டளையில் அது வரும்), முடிந்ததும் பழைய மோடுக்குத் திருப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் இன்ஸ்டால் செய்தவர் லாகினில் மட்டும் ஒழுங்காக ஓடி, மற்றவர்களுக்கு செட்டிங்ஸ் காணாமல் போகும். அப்புறம் ஒரு கலெக்‌ஷன் உருவாக்கி, அதில் சாஃப்ட்வேரைப் பப்ளிஷ் செய்து, எந்த குரூப்புக்கு எது தெரிய வேண்டும் என்று பிரித்துவிடலாம். அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு டேலி, டாக்குமென்டேஷன் ஆட்களுக்கு அவர்கள் சாஃப்ட்வேர், அவ்வளவுதான்.

இனி மேசைகள். இங்கேதான் நிறைய பேர் வழி தவறுகிறார்கள். சர்வீஸ் செய்பவர் ஒரு ஆர்டிபி ஃபைலை (கிளிக் செய்தால் சர்வரோடு இணைக்கும் சின்ன ஃபைல்) பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இருபத்தைந்து மேசைக்கும் போய் காப்பி போடுவார். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்தில் அதையே எம்எஸ்ஐ என்ற இன்ஸ்டால் பேக்கேஜாக்கி அனுப்பும் வசதி இருந்தது, 2012 சர்வரில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கத்தில் இன்னும் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு சர்வர் பெயர் மாறினால் திரும்ப இருபத்தைந்து நடை, யார் மேசையில் எந்தக் காப்பி கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் தப்பிக்க நினைத்த அதே தொல்லை வேறு வழியில் உள்ளே வந்துவிடும்.

சரியான வழி ஃபீட், அதாவது சர்வரிலிருந்து தானாக வந்து சேரும் சாஃப்ட்வேர் பட்டியல். வெப் ஆக்சஸ் சர்வர் ஒரு முகவரி கொடுக்கும். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் 'ரிமோட்ஆப் அண்ட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் அதைக் கொடுத்தால், அந்த ஆளுக்கு அனுமதி உள்ள சாஃப்ட்வேர்கள் எல்லாம் ஸ்டார்ட் மெனுவில் வந்து உட்காரும், பிறகு சர்வரில் ஒன்றைச் சேர்த்தாலோ எடுத்தாலோ இங்கேயும் தானாக மாறும். டொமைன் இருப்பதால் அந்த முகவரியைக்கூட நீங்கள் மேசைதோறும் அடிக்க வேண்டியதில்லை. குரூப் பாலிசியில் (டொமைனில் உள்ள எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங்ஸ் அனுப்பும் வசதி) யூசர் பக்கம், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், அதில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதற்குள் 'டீஃபால்ட் கனெக்‌ஷன் யூஆர்எல்' என்று ஒரு பாலிசி இருக்கிறது. அதில் ஒரே ஒரு முறை எழுதுங்கள், அடுத்த லாகினுக்கு எல்லோருக்கும் போய்ச் சேரும். விண்டோஸ் 8 முதல் எல்லாவற்றிலும் வேலை செய்யும். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், கடையில் வாங்கும் சிஸ்டம் பலவற்றில் விண்டோஸ் ஹோம் எடிஷன் வருகிறது, அது டொமைனில் சேராது. அவற்றை புரோ எடிஷனுக்கு மாற்றாமல் பாலிசி போகாது.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தொழிலில் அதுதான் முதல் நாளே இடிக்கும். ஐஸ்கேட்டுக்கான (கஸ்டம்ஸ் துறையின் இணையதளம்) டோக்கனைச் சர்வரின் யுஎஸ்பியில் செருகிவைத்தால் ரிமோட் செஷனுக்குள் தெரியாது. அந்த டோக்கன் பெரும்பாலும் ஸ்மார்ட் கார்டு வகை, மேசையில் செருகியிருப்பதைத்தான் செஷன் எடுத்துக்கொள்ளும், அதற்கும் டோக்கனின் டிரைவர் சர்வரிலும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் வேலையை மட்டும் மேசையிலேயே விட்டுவிட முடியுமானால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

கே: எங்கள் ஆபீஸிலும் இதே முறைதான். சாஃப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் பட்டையோடு 'பப்ளிஷர் யாரென்று தெரியவில்லை' என்று கேட்கிறது. எஸ் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார் செட் செய்தவர். தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சரிதானா சார்?
– வாசகி, ராயபுரம்

ப: சரியில்லை அம்மா. ஆனால் தப்பு உங்களுடையது இல்லை. அந்த எச்சரிக்கை வருவதன் காரணம், சர்வரில் முறையான சான்றிதழ் (சர்வர் யாருடையது என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் அடையாளம்) போடவில்லை, அல்லது போட்டிருக்கும் சான்றிதழை உங்கள் சிஸ்டம் நம்பும்படி சொல்லவில்லை. தினமும் எஸ் கொடுத்துப் பழகிய கை, ஒருநாள் யாரோ மெயிலில் அனுப்பும் போலி ஆர்டிபி ஃபைலுக்கும் எஸ் கொடுத்துவிடும். அன்றைக்கு டைப் செய்தவர் மேல் பழி போடுவார்கள். ஒரு எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதே என்று வேலையாட்களுக்குச் சொல்லித் தரும் சிஸ்டம், செட்டிங் முடியாத சிஸ்டம். வேலை முடிந்தது என்று செட் செய்தவர் பில் கொடுத்திருக்கக் கூடாது.

செய்ய வேண்டியதை உங்கள் சர்வீஸ் ஆளிடம் காட்டுங்கள். உள்ளே இருக்கும் சர்வருக்கு டாட் லோக்கல் என்று முடியும் பெயர் வைத்திருந்தால் வெளியே சான்றிதழ் கிடைக்காது, 2015 நவம்பரோடு அந்த மாதிரிப் பெயர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி சொந்தமாக வாங்கிய இணைய டொமைன் பெயரில் சான்றிதழ் எடுத்து, அந்தப் பெயர் ஆபீஸுக்குள் சர்வரைக் காட்டும்படி டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக்கும் பட்டியல்) போட வேண்டும். இல்லையென்றால் சொந்தமாக ஒரு சான்றிதழ் சர்வர் வைத்து அதன் ரூட் (மூல) சான்றிதழைக் குரூப் பாலிசியில் எல்லா சிஸ்டத்துக்கும் அனுப்ப வேண்டும். பிறகு அந்தச் சான்றிதழின் தம்ப்பிரின்ட்டை (அதன் அடையாளக் குறியீடு) 'நம்பகமான ஆர்டிபி பப்ளிஷர்' பாலிசியில் சேர்த்தால் மஞ்சள் பட்டை போய்விடும். பாஸ்வேர்டு இரண்டாம் முறை கேட்பதும் தொல்லையாக இருந்தால் அதற்கு கிரெடென்ஷியல் டெலிகேஷன் என்று தனி பாலிசி உண்டு, அதில் உங்கள் சர்வர் பெயரை மட்டும் போட வேண்டும், நட்சத்திரக் குறி போட்டு ஊருக்கே திறந்துவிடக் கூடாது.

கே: மணலியில் குடோன், பாரிமுனையில் ஹெட் ஆபீஸ். குடோன் ஆட்கள் சர்வர் சாஃப்ட்வேரைப் பயன்படுத்த ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வழி) திறந்துவிட்டார் எங்கள் ஆள். வேலை நடக்கிறது. ஆபத்து என்று மருமகன் சொல்கிறான்.
– வாசகர், மணலி

ப: மருமகன் சொல்வது சரி. இதைப் படித்த இன்றைக்கே மூடிவிடுங்கள், நாளை வரை வைக்காதீர்கள். 3389 திறந்திருக்கும் முகவரிகளை இணையம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன, கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும், உள்ளே வந்துவிட்டால் ஃபைல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது பாஸ்வேர்டே தேவைப்படாத நிலை இருந்தது. சப்போர்ட் முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) கொடுத்தது என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பாதுகாப்பு என்று சொன்னால் நம்பாதீர்கள், அதையும் தேடிப் பிடிப்பார்கள்.

இரண்டு இடத்துக்கும் நடுவே விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள், உங்கள் மாதிரி நிலையான இரண்டு இடம் என்றால் அதுதான் எளிது. வீட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்றால் ஆர்டி கேட்வே (வெளியிலிருந்து வருபவர்களைச் சோதித்து உள்ளே விடும் ரிமோட் டெஸ்க்டாப் வாசல்), அது 443 போர்ட்டில் குறியாக்கத்தோடு போகும், கூடவே போனில் இரண்டாம் உறுதி கேட்கும்படி செய்துவிடுங்கள். ஒருவேளை ஏற்கனவே யாராவது உள்ளே வந்த தடயம் தெரிந்தால், 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பேக்கப் ஒன்றாவது சர்வரோடு இணைப்பில்லாத ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

கே: பழைய வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம். ரிமோட்ஆப்புக்கு மாறிய பிறகு டாட் மேட்ரிக்ஸில் பில் அடிக்க நேரம் பிடிக்கிறது, கடைசி வரி அடுத்த தாளுக்குப் போய்விடுகிறது. எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் இது தாங்காது.
– வாசகர்

ப: ஈசி பிரின்ட் என்ற பொது டிரைவர்தான் காரணம். லேசர் பிரின்டருக்கு அது நல்ல வசதி, ஆனால் எழுத்தையும் படமாக்கி அனுப்புவதால் டாட் மேட்ரிக்ஸ் ஊசி ஊசியாகப் படம் வரைகிறது. பிரின்டருடைய சொந்த டிரைவரைச் சர்வரிலும் போட்டு, 'ஈசி பிரின்ட்டை முதலில் பயன்படுத்து' என்ற பாலிசியை அணைத்துவிடுங்கள். டிரைவர் பெயர் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் பில் தாளின் நீள அகலத்தைச் சர்வரிலும் தனி ஃபார்மாக உருவாக்குங்கள், கடைசி வரி தாவுவது நிற்கும். தீபாவளிக்கு முன் ஒரு சாதாரண நாளில் செய்து பாருங்கள்.

கே: சேவ் செய்த எக்செல் ஃபைல்கள் காணாமல் போகின்றன. சர்வர் செட்டப் வந்த பிறகுதான்.
– வாசகி, தண்டையார்பேட்டை

ப: காணாமல் போகவில்லை, சர்வரில் உங்கள் பெயரில் உள்ள டாக்குமென்ட்ஸில் இருக்கின்றன. ரிமோட்ஆப்பில் சேவ் கொடுத்தால் காட்டும் சி டிரைவ் சர்வருடையது, பார்க்க உங்கள் சிஸ்டம் மாதிரியே இருப்பதால் யாரும் குழம்புவார்கள். சர்வரின் டிரைவ்களைப் பாலிசியில் மறைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே எழுத்தில் தெரியும் ஒரு பொது ஃபோல்டரைக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மாலையில் ஜன்னலை மூடினாலும் செஷன் சர்வரில் கொஞ்ச நேரம் உயிரோடு கிடக்கும், அது நினைவகத்தைத் தின்னும். எத்தனை நிமிடத்தில் லாக்ஆஃப் ஆக வேண்டும் என்று வைக்கவும் பாலிசி இருக்கிறது.

கே: லைசென்ஸ் எதுவும் வேண்டாம், இப்படியே ஓடும் என்கிறாரே விற்றவர்? இரண்டு ஷிப்ட், ஒரு சிஸ்டத்தில் இரண்டு பேர்.
– வாசகர், காசிமேடு

ப: 120 நாள் ஓடும், அது சலுகைக் காலம். அதற்குப் பிறகு ஒருநாள் காலை யாரும் உள்ளே நுழைய முடியாது. சர்வர் லைசென்ஸ் வேறு, ஆர்டிஎஸ் கேல் (ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் ஆள் அல்லது சிஸ்டம் ஒவ்வொன்றுக்கும் வாங்கும் லைசென்ஸ்) வேறு. ஒரு சிஸ்டத்தில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தால் டிவைஸ் கணக்கில் வாங்குவது உங்களுக்கு லாபம். ஒருவரே ஆபீஸ், வீடு, லேப்டாப் என்று பல இடத்திலிருந்து வந்தால் யூசர் கணக்கு. விண்டோஸ் 10-ல் ஒரு டிஎல்எல்லை (விண்டோஸின் உள் ஃபைல்) மாற்றிப் பல பேரை உள்ளே விடும் வேலையை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது உரிம மீறல், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உடையவும் செய்யும்.

கே: எங்களிடம் நாலே சிஸ்டம். டொமைன் கிடையாது. நாங்களும் மாறலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

ப: வேண்டாம். நாலு சிஸ்டத்துக்கு அப்டேட் போட அரை மணி நேரம் போதும். சர்வருக்கும் லைசென்ஸுக்கும் ஆகும் பணத்தில் நல்ல யுபிஎஸ்ஸும் பேக்கப்புக்கு இரண்டு ஹார்டு டிஸ்கும் வாங்குங்கள். பத்து பேரைத் தாண்டும்போது மறுபடி எழுதுங்கள்.