ரீகாவுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, லாத்வியாவின் தலைநகர் ரீகாவுக்கு வருமுன் மூன்று கேட்டிருக்கிறாய்: அறை வாடகை, பகுதிநேர வேலை, "அங்கே ஏதோ சிலையை இடித்துத் தகராறாமே, நமக்குப் பிரச்சினை வருமா?" முதல் இரண்டையும் சீனியர் பையன்கள் வாட்ஸப்பில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2017-இல் வந்தபோது, டவ்காவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ரஷ்யப் பாட்டி வீட்டில் குடியிருந்தேன். மறு வருடம் மே 9 அன்று, ஹிட்லரை ஜெயித்ததை ரஷ்யர்கள் கொண்டாடும் நாளில், அவரோடு வெற்றிப் பூங்காவுக்குப் போனேன். 1985-இல் சோவியத் காலத்தில் எழுப்பிய 79 மீட்டர் தூண், உச்சியில் ஐந்து நட்சத்திரங்கள். மொய்க்கு 101 வைக்கும் புத்தி அல்லவா, ஐந்து கார்னேஷன் பூ வாங்கினேன். பாட்டி ஒன்றை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். இங்கே செத்தவர்களுக்கு இரட்டைப்படைதான். பிறந்தநாளுக்கு நான்கு பூவோடு போய் நிற்காதே.

அந்தப் படத்தை முகநூலில் போட்டேன். மறுநாள் கூட வேலை பார்த்த லாத்வியப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. 1949 மார்ச்சில் சோவியத் அரசு இங்கிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றியதில் அவள் தாத்தாவும் ஒருவர். ஹிட்லர் படை போனது, சோவியத் படை போகவில்லை. இதில் என்ன வெற்றி என்பது அவள் கணக்கு. பாட்டிக்கோ அது போரில் போன அப்பாவின் கல்லறை மாதிரி.

நம் பையன்கள் சிலர், "ரஷ்யா நமக்கு நண்பன்டா" என்று டிராமில் சத்தமாகப் பேசுவார்கள். ஊர் டீக்கடை என்று நினைப்பு! பத்து வருடம் இருந்தும் 'பால்தியெஸ்' என்று ஒரு நன்றி சொல்லத் தெரியாது. நீ அவர்களோடு சேராதே. ரஷ்யர்கள் வெற்றி அடையாளமாகக் குத்தும் கறுப்பு ஆரஞ்சுக் கோடு போட்ட ரிப்பனை யார் கொடுத்தாலும் சட்டையில் குத்தாதே. 1935-இல் எழுப்பிய சுதந்திரச் சின்னத்தின் படியில் உட்கார்ந்து ரீல்ஸ் எடுக்காதே. சோவியத் காலத்தில் அங்கே பூ வைத்ததற்கே ஆட்களைப் பிடித்துப் போயிருக்கிறார்கள்.

2022-இல் உக்ரைன் போர் வந்ததும் எல்லாம் மாறியது. மே 9-க்கு வைத்த பூக்களை மறுநாளே டிராக்டர் விட்டு அள்ளினார்கள். ஜனம் மறுபடி பூவோடு வந்தது. ஆகஸ்ட் 25 அன்று அந்தத் தூணை இடித்து, முன்னாலிருந்த குளத்தில் சாய்த்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் நேரலை பார்த்தோம். சிலர் கைதட்டினார்கள், நான் டீ போடப் போய்விட்டேன்.

சாயங்காலம் பாட்டியைப் பார்க்கப் போனேன். டிவியை அணைத்து வைத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணீர் எவ்வளவு உயரம் தெறித்தது?"