எதிர்வீட்டுக் கதவை எத்தனை மணிக்குத் தட்டலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். எதிர்வீட்டுக்கு இளம் பிள்ளைகள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். பகலில் கதவு திறப்பதேயில்லை. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. பின்னேரம் ஐந்து மணிக்குப் பையோடு போனால் விடியப்புறம்தான் வருகிறார்கள். முகம் பார்த்துச் சிரிப்பதுமில்லை. எப்படிப் பழகுவது?

பதில்: இரவு வேலை போலத்தான் தெரிகிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கொழும்பில் மாலை 6.30; அங்கே குளிர்காலமென்றால் 7.30. அங்கே ஐந்து மணிக்கு ஒஃபிஸ் முடியும்போது இங்கே சாமம் தாண்டிவிடும். அந்த நேரக் கணக்கில் ஆட்களை வைத்திருக்கும் கம்பனிகள் கொழும்பில் நிறைய. கறுப்புத் துணி பகலில் நித்திரை கொள்ளத்தான் இருக்கும்.

ஆகவே காலை பத்து மணிக்குப் போய் பெல் அடிக்காதீர்கள், அது அவர்களுக்கு நடுச்சாமம். ஞாயிறு பின்னேரம் நல்லது. நாலு உளுந்து வடை கொண்டு போங்கள். மீன், இறைச்சி இல்லாததால் யார் வீட்டுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். வாசலிலேயே கொடுத்துவிட்டு, குப்பை லொறி வரும் நாளையும் பைப் வேலைக்காரரின் நம்பரையும் சொல்லுங்கள். லொறி வரும்போது தூங்குகிறவர்களுக்கு வடையைவிட அந்தத் தகவல்தான் பெரிது! சிங்களப் பிள்ளைகள் என்றால் 'மல்லி' (தம்பி), 'நங்கி' (தங்கச்சி) என்று தொடங்கினால் போதும், மிச்சம் தானாக வரும்.

ஒன்றை மட்டும் முதல் நாளில் விடுங்கள்: "எந்த ஊர்? எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" நமக்கு இது வெறும் குசலம்தான். ஆனால் யுத்த காலத்தில் கொழும்பில் ஊரையும் வீட்டிலிருப்போரையும் பொலிஸில் பதிய அலைந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கேள்வியும் வேறு மாதிரிக் கேட்கும். ஊரை அவர்களே சொல்லட்டும். வாட்சரிடம் துருவி விசாரிப்பதும் வேண்டாம். நீங்கள் கேட்டது மாலைக்குள் அவர்கள் காதுக்குப் போய்விடும்.

சரி, பழகிய பிறகும் சத்தம், தண்ணீர்க் கசிவு என்று தொல்லை வந்தால்? நேரில் சொல்லுங்கள். சரிவராவிட்டால் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே வக்கீல் இல்லாமல் இரு தரப்பும் நேரே பேசலாம். பொலிஸின் 119ஐ அடிதடி, திருட்டு மாதிரி அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.