உதவிப் பயிற்சியாளர் வேலை வெறும் படிக்கட்டுதானா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகளில் உதவிப் பயிற்சியாளராக இருப்பது தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்கான ஒரு படி மட்டும்தானா? அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

பலருக்கு அது படிதான். ஆனால் அந்த வேலையிலேயே நிலைத்து நின்று சாதித்தவர்கள் மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

டெக்ஸ் விண்டர் 1985-ல் சிகாகோ புல்ஸுக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். கல்லூரி அணிகளுக்கும் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தவர். பல ஆண்டுகளாக அவர் செதுக்கி வைத்திருந்த முக்கோண ஆட்டமுறையை (மூன்று வீரர்கள் முக்கோணமாக நின்று பந்தைக் கடத்தித் தாக்கும் முறை), 1989-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஃபில் ஜாக்சன் கையில் எடுத்தார். புல்ஸின் நட்சத்திரங்களான மைக்கேல் ஜோர்டனும் ஸ்காட்டி பிப்பனும் 6 பட்டங்களை வென்றது அந்த முறையில் ஆடித்தான். பிறகு விண்டர் ஜாக்சனோடு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போய் 2000 முதல் 2002 வரை இன்னும் 3 பட்டங்கள். கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2011-ல், 89 வயதில். ரொம்பத் தாமதம் என்றுதான் சொல்வேன்.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். ஒரு அணிக்கு சீசனில் 82 ஆட்டங்கள். எந்த எதிரணியை யார் அலசுவது என்று உதவிப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பிரித்துக்கொள்வார்கள். தன் பங்குக்கு வந்த அணியின் சமீபத்திய ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த வீரர் இடப்பக்கம் போனால் தடுமாறுகிறார், எந்தச் சைகை காட்டினால் எந்த நகர்வு வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதையெல்லாம் வீரர்களுக்குச் சலிக்காத அளவுக்குச் சுருக்கிச் சொல்வதுதான் பெரிய கலை. ஆட்டத்தன்று எதிரணியின் பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை நடத்திச் செல்லும் வீரர்) கையை உயர்த்தியதும் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து தன் வீரர்களைப் பார்த்துக் கத்துவார், கவனித்திருக்கிறீர்களா? அடுத்து வரப்போகும் நகர்வைத்தான் சொல்கிறார்.

ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம் அவுட்டில் இன்னொன்றைப் பாருங்கள். வீரர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது பயிற்சியாளர்கள் மட்டும் சற்றுத் தள்ளி நின்று பேசுவார்கள். கிடைப்பது சில நொடிகள். அதற்குள் யோசனையைச் சொல்லி முடிக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பலகையில் வரைந்தால், உதவியாளர் அதைத்தான் தன் சொந்த யோசனை என்பதுபோல் வீரர்களிடம் எடுத்துச் சொல்லவும் வேண்டும். எனக்கு அந்த மனசுதான் பெரிதாகத் தெரிகிறது.

மேலே போனவர்களும் உண்டு. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995-ல் மயாமி ஹீட்டின் வீடியோ அறையில் சேர்ந்தார், 2008-ல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர், 2012-லும் 2013-லும் சாம்பியன். 2014-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் உதவிப் பயிற்சியாளரான பெக்கி ஹாமன், 2022-ல் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவின் லாஸ் வேகாஸ் ஏசஸுக்குத் தலைமை ஏற்று முதல் சீசனிலேயே பட்டம் வென்றார்.

வேலை நிரந்தரம் கிடையாது. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும் ஆசை இருந்தால், இன்றே ஒரு அணியைத் தேர்ந்தெடுத்து அதன் ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுங்கள். ஸ்போல்ஸ்ட்ராவைப் போலப் பலரும் உள்ளே நுழைந்தது வீடியோ வேலை வழியாகத்தான்.