இது போலீஸ் கேஸ் ஆகுமா, வேலை ஆகுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகன் ராத்திரி முழுக்க லேப்டாப்பில் ‘டோக்கன் ஓட்டை’ தேடுகிறான், இதெல்லாம் ஒரு படிப்பா, போலீஸ் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான், அம்மா. போலீஸ் பயத்திலும் நியாயம் உண்டு.

இணையம் வழியாக இயங்கும் கிளவுட் மென்பொருளில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும் அது ஒரு டோக்கன் தரும். செம்பனை ஆலைக்குள் லோரி போகக் காட்டும் பாஸ் மாதிரி. கையெழுத்து உண்மையா, தேதி தாண்டிவிட்டதா, இந்த ஆலைக்குத்தானா என்று காவலர் மூன்றையும் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆபத்து. ‘எனக்குக் கையெழுத்தே கிடையாது’ என்று டோக்கன் சொன்னாலும் உள்ளே விட்டுவிடும் ஓட்டை ஜேடபிள்யூடி (JWT) என்ற டோக்கன் வகையைச் சரிபார்க்கும் சில நிரல்களில் இருந்தது 2015இல் வெளியே வந்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட்டுக்கே அடி விழுந்தது. தனிநபர் கணக்குகளின் டோக்கனில் கையெழுத்துப் போடும் சாவி திருடர் கையில் சிக்க, அதைக் கொண்டு போட்ட கையெழுத்தை அலுவலக மின்னஞ்சலும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மின்னஞ்சல்களையே படித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஓட்டைகளை முன்கூட்டியே தேடிச் சொல்வதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

ஆனால் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால், 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘சும்மா பார்த்தேன்’ என்பது எடுபடாது. எங்கே பழகுகிறான் என்று இன்றைக்கே கேளுங்கள். போர்ட்ஸ்விகர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் இலவச இணையப் பயிற்சிக்கூடம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். அங்கே டோக்கனுக்கென்றே பாடங்கள் உண்டு. பழைய பள்ளியின் தளம் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

நகையை அடகு வைத்து மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களாம். வேண்டாம். அரசு உயர்கல்வி விண்ணப்பத் தளமான யூபியூவில் பாலிடெக்னிக்கின் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கட்டும். அல்லது ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் போகலாம். மலாக்காவில் உள்ள யூடெம் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது.

இன்னொன்று. இந்த வேலையில் பாதி அறிக்கை எழுதுவது. ஓட்டை எங்கே, எப்படித் திறந்தது, எப்படி அடைப்பது என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரியாதவனைக் கெட்டிக்காரன் என்றாலும் யாரும் நெடுநாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிக்கூடத்தில் முடித்த பாடம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். தேர்வு முடிவு வந்ததும் கணித மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்து, எந்த வழி என்று முடிவு செய்வோம்.