கார் பயணத்துக்குக் கடனா, அவசர நிதியா?

கேள்வி: மினசோட்டாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், நாலாம் வகுப்புப் படிக்கும் மகன், ஆறு வயது மகள். வரும் ஜூலையில் எங்கள் காரிலேயே பேட்லேண்ட்ஸ், மவுண்ட் ரஷ்மோர், டெவில்ஸ் டவர், யெல்லோஸ்டோன், கிராண்ட் டீடன் என்று மேற்கே இருக்கும் தேசியப் பூங்காக்களையும் நினைவுச்சின்னங்களையும் 10 நாள் சுற்றிவர ஆசை. தங்குவதற்கு 2,100, சாப்பாடு 900, பெட்ரோல் 400, நுழைவுக் கட்டணம் 125, மற்றவை 675 என மொத்தம் 4,200 டாலர். அவசர நிதி 9,000 டாலர் இருக்கிறது. மாதச் செலவு 4,000. அதிலிருந்து எடுக்கலாம் என்கிறேன் நான். கிரெடிட் கார்டில் போட்டு ஒரு வருடத்தில் அடைக்கலாம் என்கிறார் கணவர், வட்டி 24%. மாதம் 450 டாலர் மிச்சம் பிடிக்க முடியும். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணம் போங்கள், இந்த வருடமே போங்கள். உங்கள் மகன் நாலாம் வகுப்பில் இருப்பதே அதற்குப் பெரிய காரணம்.

முதலில் கடன். 4,200 டாலரை 24% வட்டியில் 12 மாதத்தில் அடைக்க மாதம் சுமார் 397 டாலர் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 566 டாலர். நீங்கள் மிச்சம் பிடிக்க முடியும் என்று சொல்லும் 450-க்கு இது ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள். பயணம் முடிந்த பிறகு கட்டப்போகும் அதே பணத்தை முன்னாலேயே சேர்த்துவிட்டால் 566 டாலர் கையில் நிற்கும். அவசர நிதியோ இரண்டு மாதச் செலவுக்குச் சற்று மேல்தான். அதில் பாதியை எடுத்துவிட்டு ஊர் திரும்பும்போது வேலைக்கு ஏதாவது ஆனால், வாடகைக்கே திண்டாட்டம். அதைத் தொடவே கூடாது.

இப்போது ஜனவரி. ஜூலையில் கிளம்பினால் கைக்கு வருவது 3,000 சொச்சம்தான். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். எட்டு மாதம் 450 வீதம் 3,600 சேரும். பள்ளி லேபர் டேக்குப் (செப்டம்பர் முதல் திங்கள்) பிறகு திறப்பதாக இருந்தால் தடையில்லை. உங்கள் பள்ளியின் காலண்டரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யெல்லோஸ்டோனில் ஜூலைதான் உச்சக் கூட்டம். ஆகஸ்ட் தொடக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள்: ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா அப்போதுதான். ரஷ்மோர் பக்கம் ராபிட் சிட்டி வரைக்கும் அறை வாடகை எகிறிவிடும்.

மீதி 600-ஐக் குறைக்க வேண்டும். இங்கேதான் மகன் உதவுகிறான். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' என்ற திட்டத்தில் தேசியப் பூங்கா அனுமதி இலவசம். மகன் உடன் இருந்தால் காரில் வரும் குடும்பம் முழுவதற்கும் செல்லும். செல்லுபடியாவது ஆகஸ்ட் 31 வரை; அதனால் 31-ஆம் தேதிக்குள் கடைசிப் பூங்காவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். இணையத்தில் எடுத்து, அச்சிட்டுக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். 125 டாலர் அப்படியே மிச்சம். இந்த வாய்ப்பு இல்லாத, அமெரிக்காவில் வசிக்கும் குடும்பங்கள் 80 டாலர் வருடாந்தரப் பாஸ் எடுத்தாலே போதும். யெல்லோஸ்டோன் 35, டீடன் 35, பேட்லேண்ட்ஸ் 30, டெவில்ஸ் டவர் 25 என்று தனித்தனியாகக் கட்டுவதைவிட லாபம். ரஷ்மோரில் நுழைவு இலவசம், பார்க்கிங்குக்குத்தான் பணம். அதற்கு எந்தப் பாஸும் செல்லாது.

அடுத்து தங்குமிடம். உங்கள் செலவில் பாதி இதுதான், குறைக்க இடம் இருப்பதும் இதில்தான். டீடனுக்குப் பக்கத்து ஊரான ஜாக்சனில் தங்காமல் மலைக்கு அந்தப் பக்கம் ஐடஹோவில் டிரிக்ஸ் மாதிரி ஊரில் தங்கினால், முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டியிருந்தாலும் வாடகை நன்றாகக் குறையும். இரண்டு மூன்று இரவு கூடாரத்தில் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை இன்றே பிடித்து வையுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் யாராவது ரத்து செய்த அறைகள் அடிக்கடி திரும்ப வரும். வாரம் ஒருமுறை பாருங்கள். முன்பதிவை கார்டில் செய்யலாம், அந்த மாத பில்லை அந்த மாதமே முழுதாகக் கட்டிவிடுவதாக இருந்தால்.

'மற்றவை 675' என்று எழுதியிருக்கிறீர்களே, அது பரிசுக் கடைக்கா? பூங்காவில் பிள்ளைகளுக்காகத் தரும் 'ஜூனியர் ரேஞ்சர்' என்ற பயிற்சிப் புத்தகத்தைப் பூர்த்தி செய்தால் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பூங்காவிலும் பேட்ஜ் தருவார்கள். பெரும்பாலும் இலவசம், சில இடங்களில் ஓரிரு டாலர். டெவில்ஸ் டவரை 1906-ல் நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்த அப்போதைய அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் முகம்தான் ரஷ்மோர் மலையிலும் செதுக்கப்பட்டிருக்கிறது என்று மகனிடம் சொல்லிப் பாருங்கள். அவனே தேடிப் படிப்பான்.

நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒன்று, கார். எல்லாம் சேர்த்து 2,600 மைல் ஓடும். 400 டாலர் பெட்ரோலுக்குச் சரிதான். ஆனால் 2025-ல் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட் கழித்துக்கொள்ள வரித்துறை அனுமதித்தது. அந்தக் கணக்கில் இது 1,820 டாலர். டயர், தேய்மானம், காப்பீடு எல்லாம் அதில் அடக்கம். அவ்வளவும் இப்போதே கையைக் கடிக்காது. ஆனால் டயர், பிரேக், ஆயில் மாற்றம் மூன்றையும் ஜூலையிலேயே உள்ளூரில் பார்த்துவிடுங்கள். வயோமிங்கில் ஆளில்லாத சாலையில் நின்றுபோனால் இழுவை வண்டிக்கே பெரிய தொகை போகும்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. 2022 முதல் நடப்பில் உள்ள 'நோ சர்ப்ரைசஸ்' சட்டப்படி, அவசரச் சிகிச்சைக்கு வெளி நெட்வொர்க் (உங்கள் காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இல்லாத) மருத்துவமனை கூடுதல் பில் போட முடியாது. தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் வராது. உங்கள் திட்டம் அதற்கு எவ்வளவு தரும் என்று கிளம்புவதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.