பூ கட்டுன கை திரும்ப வருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கம்மாவுக்கு 56 வயசு, மேலூர் பக்கம், வீட்ல இருந்தே மல்லிகைப்பூ கட்டிக் குடுப்பாங்க. நாலு மாசம் முன்னாடி மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு வந்து இடது கை கால் விழுந்துருச்சு. இப்ப கால் தேவலை, குச்சி ஊனி நடக்குறாங்க, கைதான் மடங்கியே கெடக்கு. மூணு மாசத்துல வராட்டி அவ்வளவுதான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, புறா ரத்தம் தடவச் சொல்றாங்க. நான் ஒரு ரப்பர் பந்து வாங்கிக் குடுத்து அமுக்கச் சொல்லிக்கிட்டு இருக்கேன், சரியா?

பதில்: மொதல்ல அந்தப் புறாவை விட்ருங்க தம்பி, பாவம். அடைப்பு வந்தது மூளையில, தோல் மேல எதைத் தடவி என்ன ஆகப்போகுது? மூணு மாசக் கணக்கும் அரைகுறைதான். ஆரம்பத்துல வேகமா தேறும், அப்புறம் மெதுவாயிரும், ஆனா வேலை குடுத்துக்கிட்டே இருந்தா ஆறு மாசம் கழிச்சும் முன்னேற்றம் வர்றதுண்டு. செத்த மூளைச் செல் திரும்பாது, மிச்சம் இருக்குற பகுதிதான் அந்த வேலையைக் கத்துக்கணும், அதுக்குச் செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யணும்.

பந்தை எடுத்து உள்ள வைங்க. ஏற்கனவே இறுகி மடங்குன கை அது, அம்மாவுக்கு வராதது பிடிக்கிறது இல்ல, விடுறது. டம்ளர், எலுமிச்சம்பழம்னு பெருசா ஆரம்பிங்க, எடுத்தா பத்தாது, விரலைத் திறந்து கிண்ணத்துல விடணும். அது வந்ததும் பூத்தட்டை முன்னாடி வைங்க, இடது கை நாரை இழுத்துப் பிடிக்க மட்டும் செய்யட்டும், முடிச்சு வலது கை போடட்டும். சரம் கோணலா வந்தா வரட்டும், யாவாரத்துக்கா கட்டுறோம்? நீங்களே எல்லாத்தையும் செஞ்சு குடுத்து, அவங்களும் நல்ல கையாலயே சமாளிச்சுப் பழகிட்டா சோர்ந்த கை சும்மா கெடந்தே பழகிரும். விரல் நிமிரவே இல்லைன்னா டாக்டர்ட்ட கேளுங்க, இறுக்கம் தளர போடாக்ஸ் ஊசி இருக்கு.

இன்னொண்ணு, இதைத்தான் வீட்டுக்கு வீடு பாக்குறேன்: கட்டில்ல இருந்து எந்திரிக்க வைக்க அந்தக் கையைப் பிடிச்சே இழுக்குறது, இல்ல அக்குள்ல கை குடுத்துத் தூக்குறது. தோள்பட்டையைத் தாங்குற சதை சோர்ந்து போயிருக்கு, இழுத்தா மூட்டு நழுவும், அப்புறம் வலிக்கே கையைத் தொட விடமாட்டாங்க. இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்க, உக்காரும்போது கைக்கு அடியில தலகாணி வைங்க. பிசியோவுக்குக் காசு பிரச்சனைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறாங்க.

கேள்வி: அப்பாவுக்கு பக்கவாதம் வந்து கை கால் நல்லாயிருச்சு. ஆஸ்பிரினையும் பிரஷர் மாத்திரையையும் நிப்பாட்டலாமா? (திருமங்கலம் வாசகி)

பதில்: கூடாதும்மா. அந்த மாத்திரை போன அடைப்புக்கு இல்ல, அடுத்தது வராம இருக்க. பீடி சிகரெட் இருந்தா அதை நிப்பாட்டச் சொல்லுங்க. மறுபடி வாய் கோணுனா, பேச்சு குழறுனா, வீட்ல எதையும் குடுக்காம 108-ஐக் கூப்பிடுங்க, அடைப்பைக் கரைக்கிற ஊசி பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் வேற எடுக்கணும்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பத்தா தண்ணி குடிச்சா இருமுறாங்க. (செல்லூர்)

பதில்: படுக்க வச்சு ஊத்தாதீங்க. தண்ணி நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா ஆயிரும். பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்கதான் விழுங்குறதையும் சோதிப்பாங்க, இந்த வாரமே காட்டுங்க. அதுவரைக்கும் என்ன குடுக்கலாம்னு டாக்டர்ட்ட இன்னைக்கே கேட்டுக்கங்க, எதைக் குடுத்தாலும் நேரா உக்கார வச்சு, ஸ்பூன் ஸ்பூனா.